பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால்

சிவசக்திக்கு அந்தப் படத்தைக் காட்டியிருக்கவே கூடாது. காட்டினார்கள். காட்டிவிட்டு, யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சொன்னார்கள். ஒருத்தியின் வயிற்றில் நெருப்பைக் கட்டிவிட்டு, புகை மட்டும் வெளியே வரக்கூடாது என்பதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! ஆனால் சொன்ன இரண்டு பேருமே நெஞ்சழுத்தக்காரர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் அவள் அன்றைக்கே நாலு வார்த்தை திட்டிவிட்டு, லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லியிருப்பாள். நல்லவர்கள் கேட்டால்தான் மனிதருக்கு மறுக்க வாய் வருவதில்லை.

ஹாலிஎலயிலிருந்து மேலே ஏறும் தோட்டப் பாதையில், பஸ் நின்று திரும்பும் இடத்துக்கும் அப்பால் இருக்கிறது மேற்பிரிவு. அங்கே வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தை ஒட்டி ஒரு நீளக் கட்டடம். அதுதான் பிள்ளைக்காம்பரா. விடிந்ததும் தாய்மார் பிள்ளைகளைச் சிவசக்தியின் கையில் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்குப் போவார்கள். அங்கே எந்த மலை என்று சொல்கிறார்களோ அந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவார்கள். பால் மறக்காத பிள்ளை உள்ளவர்கள் மட்டும் காலையில் ஒருமுறை, மத்தியானத்துக்குப் பிறகு ஒருமுறை மலையை விட்டு இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். ரோட்டைச் சுற்றி வந்தால் கொடுக்கிற நேரமெல்லாம் நடையிலேயே போய்விடும். அதனால் ஏழாம் நம்பர் மலையிலிருந்து பிள்ளைக்காம்பராவின் பின்பக்கத்துக்கு, ஆளுயர மானாப் புல்லுக்குள் ஒரு குறுக்குப் பாதை விழுந்திருந்தது. தோட்டத்துரை போட்ட பாதை இல்லை, தாய்மார் கால் போட்ட பாதை.

ஹன்னா ஜெர்மனிக்காரி. இருபத்திரண்டு வயசு இருக்கும். தொண்டு செய்ய வந்தவள். சொந்தக் காசில் விமானம் ஏறி வந்து அடுத்தவர் வீட்டுச் சுவருக்கு வர்ணம் பூசுகிற ஆட்களும் உலகத்தில் உண்டு என்பதை மேற்பிரிவு சனம் முதலில் நம்பவில்லை. இவள் வேறு எதற்கோ வந்திருக்கிறாள், மாணிக்கக் கல்லுத் தோண்ட வந்திருக்கிறாள் என்றுகூடச் சொன்னார்கள். அவள் பாட்டுக்குப் பிள்ளைக்காம்பராவின் சுவரெல்லாம் நீலம் பூசி, யானையும் மயிலும் வரைந்தாள். பிள்ளைகளுக்குக் கை கழுவக் குழாய் வைத்துக் கொடுத்தாள். காலையில் இந்த வேலை. மத்தியானத்துக்கு மேல் மிருகங்களைப் பற்றிய வேலை: காட்டோரமாக மரங்களில் கெமரா கட்டிவிட்டு, என்னென்ன நடமாடுகிறது என்று பார்ப்பது. அவளைக் கூட்டிக்கொண்டு திரிகிறவன் ஸப்ரான். பதுளை பஜாரில் துணிக்கடைக்காரர் மகன். மிருகங்களைப் பற்றிப் படித்தவன். அவள் பேசுவதைத் தமிழாக்குவதும் அவன்தான். அவன் சிவசக்தியை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவான். அதில் அவளுக்கு ஒரு குளிர்ச்சி இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தபோது இருவரும் வந்தார்கள்.

“டீச்சர், கொஞ்சம் வெளிய வாறீங்களா? ஒரு படம் ஈக்கி, பாருங்க.”

ஸப்ரான் போனை நீட்டினான். சிவசக்திக்கு முதலில் புல்தான் தெரிந்தது. பிறகு புல்லுக்குள் புள்ளிகள் தெரிந்தன. பிறகு முகம். வாயில் ஏதோ தொங்கியது, குட்டி. படத்தின் ஓரத்தில் நீலமாக ஒரு துண்டுச் சுவர், அதில் ஹன்னா வரைந்த யானையின் வால். அந்த வாலுக்கும் சிறுத்தைக்கும் நடுவில் ஒரு புடவை உலர்த்தும் தூரம்கூட இல்லை.

“இது எப்ப தம்பி எடுத்தது?”

“இண்டக்கிக் காலையில. பத்து மணி போல. பின்னுக்கு ஈக்கிற கொய்யா மரத்துக் கெமராவுல வுழுந்தது.”

பத்து மணிக்கு விதுஷா வருவாள். சிவசக்தியின் புருஷன் விஜேந்திரனுடைய தங்கை. அவளுடைய கைக்குழந்தை உள்ளே தொட்டில் சேலையில் கிடந்தது. இன்றைக்கும் அந்தப் பாதையில்தான் வந்தாள், பால் கொடுத்தாள், சிரித்துப் பேசிவிட்டு அந்தப் பாதையிலேயே திரும்பினாள். சிவசக்தி போனை அவனிடமே தள்ளினாள். “இப்பவே பெரட்டுக்களத்துல போய்ச் சொல்றேன்” என்று அடி எடுத்து வைத்தாள்.

ஹன்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ வேகவேகமாகச் சொன்னாள். சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

“முந்தி ஈந்த தோட்டத்துல இவ இப்பிடி ஒரு படத்த சந்தோசத்துல எல்லாருக்கும் காட்டினாளாம்” என்றான் ஸப்ரான். “மூணாம் நாள் பன்றிக்கு வைக்கிற கம்பியில அந்தச் சிறுத்தை செத்துக் கெடந்தது. தன்னாலதான் செத்ததுண்டு இன்னமும் அழுறா. டீச்சர், குட்டி போட்ட தாய் ஒரு எடத்துல நிக்காது. ரெண்டு மூணு நாளையில கவ்விக்கிட்டு வேற எடத்துக்குப் போயிரும். வனஜீவி ஒபிஸுக்கும் அறிவிச்சீக்கி, அவங்க வர ரெண்டு மூணு நாளாகுமாம். அது போற மட்டும் யாருக்கும் செல்லாதீங்க.”

“புள்ளைக இருக்காங்களே தம்பி!”

“வெளிய விட வாணா. மனுசன தேடி வாற மிருகமில்ல அது. ஆக்கள் கூட்டமாக் கம்பு கத்தியோட போனாத்தான் பாயும்.”

இது அவளுக்குச் சரியாகப் பட்டது. சொன்னால் என்ன நடக்கும்? மேற்பிரிவு ஆம்பிளைகள் அலவாங்கும் கத்தியுமாகக் கிளம்புவார்கள். முன்னால் போகிறவன் விஜேந்திரனாக இருப்பான். எந்த வம்புக்கும் அவன்தான் முதல் ஆள். குட்டியை வைத்திருக்கும் தாயின் முன்னால் தன் புருஷன் நிற்பதை நினைத்தாள். தலையை ஆட்டிவிட்டாள்.

ஆட்டியது ஒரு விநாடி. அனுபவித்தது அன்று ராத்திரி முழுக்க. விஜேந்திரன் பதுளை மரக்கறிக் கடையில் மூட்டை தூக்கிவிட்டு வந்த களைப்பில் குறட்டை விட்டான். பக்கத்தில் படுத்திருந்த மகள் ஹாலிஎலப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. இவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. லயத்து நாய்களின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். ஒரு நாயும் குரைக்கவில்லை. குரைத்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளைகளை வாங்கும்போது ஒவ்வொரு தாயின் முகத்தையும் பார்க்க முடியாமல் பார்த்தாள். “டீச்சருக்கு ஒடம்பு சரியில்லையா?” என்று ஒருத்தி கேட்டதற்கு, “தலவலி” என்றாள். பின்கதவைச் சாத்தி, குறுக்குக் கட்டையைப் போட்டு, அதற்கு மேல் அரிசிப் பெட்டியையும் இழுத்து வைத்தாள். வாசலில் விளையாடக் கேட்ட பிள்ளைகளுக்கு, “மழ வருது” என்றாள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு வாண்டு வானத்தைப் பார்த்துவிட்டு அவளையும் பார்த்தது.

கக்கூசு வெளியே இருந்தது. அதுதான் பெரிய சோதனை. ஒவ்வொரு பிள்ளையாகக் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் சோற்றுத் தட்டும் கரண்டியுமாகப் போனாள். டங் டங் என்று தட்டிக்கொண்டே நின்றாள். பிள்ளைகளுக்கு அது கோயில் மேளம் மாதிரி இருந்திருக்க வேண்டும்; குந்திய இடத்திலேயே தலையை ஆட்டின. அவளோ, காற்றில் மானாப் புல் சாய்ந்தாலே இன்னும் வேகமாகத் தட்டினாள். ஒருமுறை புல் காற்றுக்கு எதிராகச் சாய்ந்தது போலிருந்தது. பிள்ளையை முடிந்தும் முடியாமலும் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்து கதவைச் சாத்தினாள். உண்மையில் சாய்ந்ததா, அவள் கண் சாய்ந்ததா என்று அவளுக்கே தெரியாது.

பத்து மணி நெருங்க நெருங்க ஜன்னலை விட்டு அசையவில்லை. சொன்னால் கொலை, சொல்லாவிட்டாலும் கொலை. பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை என்பார்களே, அந்த நிலைதான். விதுஷாவை மட்டும் எப்படியாவது அந்தப் பாதையிலிருந்து விலக்கினால் போதும். என்ன சொல்லி விலக்குவது என்றுதான் தெரியவில்லை.

புல் அசைந்தது. சிவசக்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். புல்லை விலக்கிக்கொண்டு விதுஷா வெளியே வந்தாள். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “என்ன அண்ணி, கதவெல்லாம் பூட்டியிருக்கு?” என்றாள்.

முன்கதவு வழியாக அவளை உள்ளே இழுத்துக்கொண்ட சிவசக்திக்கு, வாய்க்கு வந்தது ஒரு சொல்தான்.

“இனிமே அந்தப் பக்கமா வராத விது. அங்க குளவி கூடு கட்டியிருக்கு.”

சொன்ன பிறகுதான் எதைச் சொன்னோம் என்று புரிந்தது. விஜேந்திரனுக்கும் விதுஷாவுக்கும் தாய் ராசம்மா. கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தபோது குளவி கொட்டிச் செத்தவள். முகம் எது கழுத்து எது என்று தெரியாமல் வீங்கிப்போன உடம்பைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வீட்டில் குளவி என்ற சொல்லை விளையாட்டுக்குக்கூட எடுப்பதில்லை. விதுஷாவின் முகம் வெளிறியது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் ஜன்னலையே பார்த்தாள். திரும்பிப் போகும்போது ரோட்டைச் சுற்றித்தான் போனாள்.

மத்தியானம் ஒருத்தியும் குறுக்குப் பாதையில் வரவில்லை. எல்லாரும் சுற்றியே வந்தார்கள்; நேரமில்லாமல் பிள்ளைகளை அரைகுறைப் பாலில் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஏழாம் நம்பர் மலையின் கீழ்ப்பக்கத்தில் நாளைக்குக் கொழுந்தெடுக்க மாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டதாகவும் தெரிந்தது. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். சிவசக்தி அன்று மத்தியானம் நிம்மதியாக இரண்டு ரொட்டி தின்றாள். ஒரு பொய், ஒரு உயிரும் போகவில்லை, இன்னும் ஒருநாள், இரண்டு நாள். தாய் தன் குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய்விடும். இப்படித்தான் கணக்குப் போட்டாள். பாவம், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள், குளவி என்று சொன்னால் தோட்டத்தில் அடுத்து என்ன நடக்கும் என்பதை மறந்துபோனாள்.

சாயங்காலம் தாய்மார் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியாக விதுஷா வந்தாள். முகத்தில் காலையில் இருந்த கலக்கம் இல்லை.

“இனிமே பயமில்ல அண்ணி. அண்ணன் பஸ்ஸவிட்டு எறங்குனதுமே சொல்லிட்டோம். சாக்கு, கம்பளி, மண்ணெண்ண எல்லாம் நானே எடுத்துக் குடுத்தேன். பொழுது சாயுறதுக்குள்ள கொளுத்திப்புடுறேன்னு போயிருக்கு.”

சிவசக்தி கையில் இருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

தோட்டத்தில் எங்கே குளவிக் கூடு இருந்தாலும் விஜேந்திரனைத்தான் கூப்பிடுவார்கள். தாய் செத்ததிலிருந்து அவனுக்கு அது வேலை இல்லை, வஞ்சம். பொழுது மசங்கும் நேரத்தில் குளவி கூட்டுக்கு அடங்கும். அப்போது பந்தத்தோடு போய்க் கொளுத்துவான். கூடு எந்த மரத்தில் என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை. அதனால் அவன் அந்தப் புல்லை அங்குலம் அங்குலமாகத் தேடுவான்.

கையில் இருந்த பிள்ளையை விதுஷாவிடம் திணித்தாள். அரிசிப் பெட்டியைத் தள்ளினாள், கட்டையை உருவி எறிந்தாள். இரண்டு நாளாக எந்தப் பக்கம் பார்க்கவே நடுங்கினாளோ அந்தப் பக்கம் வெறுங்கையோடு ஓடினாள். “அண்ணி, குளவி! குளவி அண்ணி!” என்று விதுஷா பின்னால் கத்தினாள்.

மானாப் புல் முகத்தைக் கிழித்தது. முதலில் புகை வாசம் வந்தது. தேயிலை ஓரத்தில் நாலைந்து ஆம்பிளைகள் தள்ளி நின்றார்கள். குளவி கொளுத்தும்போது கூட்டுக்குக் கிட்டே ஒரே ஆள்தான் போவான். மற்றவர்கள் எட்ட நிற்பார்கள், அதுதான் முறை. தொழிற்சங்கத் தலைவர் சின்னராசா பச்சைத் தழையைப் போட்டுப் புகை மூட்டிக்கொண்டிருந்தார்.

“கூப்புடுங்க அவர! கூப்புடுங்க! குளவி இல்ல, சிறுத்த! சிறுத்த குட்டி போட்டுருக்கு!”

“என்னம்மா ஒளறுற?”

“சத்தியமா! கூப்புடுங்க மாமா!”

சின்னராசா அவள் முகத்தைப் பார்த்தார். அடுத்த நொடி எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். விஜேந்திரன் திரும்பவே இல்லை. எப்படித் திரும்புவான்? குளவி காதுக்குள் போய்விடும் என்று இரண்டு காதிலும் பஞ்சை அடைத்திருந்தான். அதற்கு மேல் ஈரக் கம்பளி, அதற்கு மேல் சாக்கு. கண்ணுக்கு மட்டும் ஒரு இடுக்கு. கையில் பந்தத்தை உயர்த்திப் பிடித்து, மரக்கிளைகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு அடி எடுத்து வைத்தான். கூடு மேலேதான் தொங்கும். காலடியில் என்ன இருக்கிறது என்று அவன் பார்க்கவில்லை.

புல்லுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பச்சை மரத்தில் வாளை இழுப்பது போல, இழுத்து, நிறுத்தி, மறுபடியும் இழுத்து. எட்ட நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. அவன் ஒருவனுக்குத்தான் கேட்கவில்லை.

சிவசக்தி ஓடினாள். ஒரு கல்லை எடுத்து வீசினாள். அவன் முதுகில் பட்டது. அவன் திரும்பினான்.

அவன் பார்த்தது இதுதான்: குளவி இருக்கிற இடத்தில், தலையில் ஒரு துணிகூட இல்லாமல், வெறும் முகமும் வெறும் கையுமாகத் தன் பெண்டாட்டி ஓடி வருகிறாள். தன் தாயின் வீங்கிய முகம் அவன் கண்ணில் வந்ததோ என்னவோ. பந்தத்தைப் பக்கத்து ஓடையில் எறிந்தான். சாக்கை உருவினான், கம்பளியைப் பிடுங்கினான், இரண்டையும் விரித்துப் பிடித்துக்கொண்டு அவளைப் போர்த்த ஓடி வந்தான். வேண்டாம், வேண்டாம் என்று அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். குளவியை விரட்டுகிறாள் என்று நினைத்து அவன் இன்னும் வேகமாக வந்தான். அவள் தலைமேல் கம்பளி விழுந்தது. ஈரமும் இருட்டும் அவளை மூடிக்கொண்டன. அந்த இருட்டுக்குள் இருந்துதான் அவன் அலறலைக் கேட்டாள்.

கம்பளியை விலக்கிப் பார்க்கும்போது அவன் குப்புறக் கிடந்தான். அவன் மேல் மஞ்சளாக ஏதோ இருந்தது. ஆம்பிளைகள் தீக்கொள்ளியோடு கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். மஞ்சள் எழும்பியது, ஒரே பாய்ச்சலில் ஓடையைத் தாண்டியது, இல்லாமல் போனது. விஜேந்திரனின் இடது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் சதை பிய்ந்து தொங்கியது. அவள் தன் சேலையைக் கிழித்துச் சுற்றச் சுற்ற ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது.

த்ரீவீலரில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவன் தலை அவள் மடியில் கிடந்தது. ஹாலிஎல தாண்டியபோது ஒருமுறை கண்ணைத் திறந்தான்.

“ஒன்னயக் கொட்டலியே?” என்று கேட்டான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

உயிருக்குப் பயமில்லை என்று விடியும் முன்பே சொல்லிவிட்டார்கள். கைதான் முன்னைப் போல மூட்டை தூக்குமா என்று தெரியாது என்றார்கள். அண்ணனுக்குத் துணையாக ராத்திரி முழுக்கப் பிள்ளையோடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த விதுஷா, காலை முதல் பஸ்ஸில் ஏறினாள். சிவசக்தியும் அதே பஸ்ஸில்தான் வந்தாள். பிள்ளைக்காம்பராவைத் திறக்காவிட்டால் தாய்மார் தவித்துப்போவார்கள் என்று நினைத்தாள். படத்தையும் பொய்யையும் பற்றி ராத்திரியே எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தாள்; பஸ்ஸில் விதுஷா வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பிள்ளைக்காம்பராவை யாரும் தேடவில்லை. பெரட்டுக்களத்தில் தாய்மார் பிள்ளைகளை இடுப்பிலும் முதுகிலும் வைத்துக்கொண்டே நின்றார்கள். சிவசக்தியைக் கண்டதும் பேச்சு நின்றது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் அந்த வாய் தானாக மூடிக்கொள்வது அதைவிடப் பயங்கரம். விடியற்காலையில் சின்னராசாவும் ஆட்களும் மானாப் புல்லை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கம்பால் தட்டிப் பார்த்திருந்தார்கள். ஒன்றுமில்லை, ஓடையைத் தாண்டிப் போய்விட்டது, இனிப் பயமில்லை, ஏழாம் நம்பருக்கே போகலாம் என்று முடிவாகியிருந்தது.

அப்போதுதான் ஸப்ரானும் ஹன்னாவும் மூச்சிரைக்க வந்தார்கள். ஹன்னாவின் முகம் அழுது வீங்கியிருந்தது. சிவசக்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: “சொல்லுங்க. சொல்லுங்க.”

“ஆக்கள் தட்டிட்டுப் போன பொறகு அது திரும்பி வந்தீக்கி டீச்சர்” என்றான் ஸப்ரான். போனை அவள் முன் நீட்டினான். “ஒரு குட்டியத்தான் கொண்டு போனது. மத்தது இன்னம் உள்ளுக்குத்தான். எல்லாருக்கும் செல்லுங்க, இப்பவே செல்லுங்க.”

சிவசக்தி சொன்னாள். அந்தப் பாதையில் போகாதீர்கள், ஏழாம் நம்பருக்கே போகாதீர்கள், வந்திருக்கிறது, இருக்கிறது என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள். ஸப்ரான் படத்தைக் காட்டினான். “இது முந்தாநேத்துப் படம் இல்லேன்னு யாருக்குத் தெரியும்?” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, “வெள்ளக்காரி சொல்லாதன்னா சொல்ல மாட்டாங்க, சொல்லுன்னா சொல்லுவாங்க” என்றாள். சின்னராசாகூட, “ராத்திரியே போயிருச்சும்மா, நீ போய்ப் புருசனப் பாரு” என்று சாந்தமாகத்தான் சொன்னார். அந்தச் சாந்தம் அவளை அடித்துப்போட்டது.

விதுஷா பிள்ளைக்காம்பராவுக்குள் போய், உத்தரத்தில் கட்டியிருந்த தன் தொட்டில் சேலையை அவிழ்த்தாள். மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிள்ளையை மலைக்கே கொண்டுபோய் மரத்தடியில் போட்டுக்கொள்வதாக முடிவு.

“விது, ஒனக்கு நான் என்ன சொன்னாலும்...”

“ஒங்க மக டவுன் ஸ்கூல்ல பத்திரமா இருந்தா அண்ணி. எங்க புள்ளைகதான் இங்க கெடந்துச்சு.” விதுஷாவின் குரல் உயரவே இல்லை. “சரி, அதுகூடப் போகுது. எங்கம்மா செத்த சாவ எடுத்தா பொய் சொல்லணும்? வேற பொய்யே கெடைக்கலியா ஒங்களுக்கு?”

சிவசக்தி அவள் தோளில் கிடந்த சேலையின் நுனியைப் பிடித்தாள். அவள் உருவிக்கொண்டாள்.

விதுஷா பின்கதவைத் திறந்தாள். பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு குறுக்குப் பாதையைப் பார்த்து நடந்தாள். வீம்புதான். அண்ணன் விழுந்த இடம் அது என்று அவளுக்குத் தெரியாதா? இவள் போகாதே என்கிற வழியில் போய்க் காட்ட வேண்டும் என்ற வீம்பு.

வாயால் தடுக்க முடியாது என்று சிவசக்திக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாய்க்கு இனி இந்தத் தோட்டத்தில் மதிப்பில்லை. பலகையில் கிடந்த சோற்றுத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். விதுஷாவைத் தாண்டினாள். பாதை புல்லுக்குள் நுழைகிற இடத்தில் அவளுக்கு முன்னால் போய் நடக்கத் தொடங்கினாள்.

தட்ட வேண்டும் என்று கரண்டியைத் தூக்கினாள். தட்டத் தேவையே இருக்கவில்லை. கை நடுங்கிய நடுக்கத்தில் கரண்டி தானாகவே தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டு பக்கமும் புல். நேற்றைய ரத்தம் காய்ந்த இடத்தை மிதிக்காமல் தாண்டினாள். ஈரக்குலை நடுங்குவது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. பாயட்டும், முதலில் என்மேல் பாயட்டும் என்று வாய்விட்டுச் சொன்னாளோ, மனதுக்குள் சொன்னாளோ. பின்னால் விதுஷாவின் காலடி வந்துகொண்டே இருந்தது.

பிறகு அந்தக் காலடி நின்றது.

“அண்ணி” என்றாள் விதுஷா. மிக மெதுவாகச் சொன்னாள். “நில்லுங்க. திரும்பிருவோம்.”

சிவசக்தி திரும்பிப் பார்த்தாள். விதுஷா புல்லைப் பார்க்கவில்லை. சிவசக்தியின் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கடகடவென்று அடித்துக்கொண்டிருந்த கரண்டியைப் பார்த்தாள்.

இருவரும் பின்னோக்கியே நடந்து வெளியே வந்தார்கள். பிள்ளைக்காம்பரா முற்றத்துக்கு வந்ததும் விதுஷா பெரட்டுக்களத்தைப் பார்த்து, “யாரும் கீழ்ப்பக்கம் எறங்காதீங்க! உள்ளதான் இருக்கு!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். மலைக்குக் கிளம்பிய பெண்கள் அப்படியே நின்றார்கள். விதுஷா சொன்னால் நம்புவார்கள்.

சிவசக்தி சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். தட்டு கையைவிட்டு விழுந்தது. பழகிய முகம் என்பதால் விதுஷாவின் பிள்ளை சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டித் தாவியது. அவளும் தன்னை அறியாமல் கையை நீட்டினாள்.

விதுஷா பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“நீங்க சொல்றத நம்புறேன் அண்ணி” என்றாள். “ஆனா புள்ளைய மட்டும் இனிமே ஒங்ககிட்ட விட மாட்டேன்.”

சேலையைத் தோளில் சரிசெய்துகொண்டு, ரோட்டைச் சுற்றிப் போகிற பாதையில் நடந்தாள்.